அக்காவின் ஜாதகத்தை அழித்த ஞாயிற்றுக்கிழமை

கம்ப்யூட்டரில் ஒன்றை அழித்துவிட்டால் அது போய்விட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். எங்கள் அப்பாவும் அப்படித்தான் நம்பினார். அவரை நம்பவிடாமல் செய்தவள் நான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலி டவுணில் ஒரு கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் வேலை பார்த்தேன். ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடைக்கும் அல்வாக் கடைக்கும் நடுவே, எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லாத மாடிப்படி. ஏறிப் போனால் ஒரே அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மேஜை விசிறி. விசிறி கம்ப்யூட்டருக்கு. எங்களுக்கு ஜன்னல்.

கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வேட்டி, மெதுவான பேச்சு. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார். பிரிண்டர் கிர்கிர் என்று கட்டம் போட்டுத் தள்ளும். கம்ப்யூட்டர் போட்ட ஜாதகம் என்றால் தப்பே இருக்காது என்று அப்போது எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மனுஷன் எழுதினால் மாற்றி எழுதுவான், மெஷின் பொய் சொல்லாது என்று பெண் பார்க்க வந்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மெஷினிடம் நேரத்தைச் சொல்வது ஒரு மனுஷன்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் அப்பாவுக்குத் தோன்றியது. வேறு வழியில்லாமல்தான் தோன்றியது.

என் அக்காவுக்கு எட்டில் செவ்வாய். பெண்ணுக்கு அந்த இடத்தில் செவ்வாய் இருந்தால் கட்டுகிறவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். அதே தோஷம் உள்ள மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டினால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும், பயமே இல்லை என்றும் சொல்வார்கள். ஆனால் அப்படி ஒரு மாப்பிள்ளை வெளியே தெரிந்தால்தானே? தோஷம் உள்ள பையன் வீட்டிலும் மூச்சுவிட மாட்டார்கள். அக்காவைப் பிடித்திருக்கிறது என்று போனவர்கள் எல்லாம் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் எதுவும் நடக்காதது போலத் தலை வாரிக்கொள்வாள். எனக்குத்தான் வந்தவர்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அப்பா அரசாங்க அதிகாரி. ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். அந்த அப்பா ஒருநாள் அண்ணாச்சியிடம் போய், அக்கா பிறந்த நேரத்தை முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளிப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நேரம் முன்னால் போனால் லக்னம் ஒரு வீடு நகர்ந்துவிடும். செவ்வாய் எட்டிலிருந்து ஒன்பதுக்கு வந்து பரம சாதுவாக உட்கார்ந்துகொள்வார். அந்த ஜாதகம் ஏரலில் ஒரு வீட்டுக்குப் போனது. பள்ளிக்கூட வாத்தியார் வேலையில் இருந்த அத்தானுக்கும் அக்காவுக்கும் பொருத்தம் பிரமாதம் என்று பதில் வந்தது. ஆவணியில் கல்யாணம்.

அக்காவை அனுப்பிவைத்த பிறகுதான் நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து அந்தக் கடையில் சேர்ந்தேன். சேருகிற அன்றைக்கு அப்பா என்னை முற்றத்துக்கு அழைத்துப்போய், “அங்கன உங்க அக்கா சாதகம் ரெண்டு கெடக்கும். நீ பாத்தாலும் பாக்காத மாதிரி இரு. அக்காவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்” என்றார். என்ன ஏது என்று எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி கடையில் ஒரு வழக்கம். ஒருமுறை போட்ட ஜாதகம் ஹார்டு டிஸ்கிலேயே கிடக்கும். பிரதி தொலைந்துவிட்டது, இன்னொன்று அடித்துத் தாருங்கள் என்று ஆட்கள் வருவார்கள் அல்லவா, அதற்காக. ஆனால் அதில் இரண்டு பிரிவு வைத்திருந்தார். ஒன்றின் பெயர் ‘நடப்பு’. இன்னொன்றின் பெயர் ‘பழசு’. வெளியே கொடுத்தது எல்லாம் நடப்பில் இருக்கும். நேரம் மாற்றிக் கொடுத்தவர்களின் உண்மையான ஜாதகம் மட்டும் பழசுக்குள் இருக்கும், பெயர் இல்லாமல், வெறும் எண்ணாக. எந்த எண் யாருடையது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதற்குள் நான் போகக்கூடாது என்பது கடைக்கட்டளை. நானும் போனதில்லை.

மாற்றிய பிறகு உண்மையானதை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டீர்களானால், அங்கேதான் அண்ணாச்சி அகப்பட்டுக்கொண்டார். உயிரோடு இருக்கிறவரின் ஜாதகத்தைக் கிழிப்பதோ எரிப்பதோ எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆள் போன பிறகுதான் அதை ஆற்றில் விடுவார்கள். பொய் ஜாதகம் எழுத அண்ணாச்சிக்குக் கை கூசவில்லை, ஒரு பிள்ளைக்கு வாழ்வு கிடைத்தால் புண்ணியம் என்றுதான் நினைத்தார். ஆனால் மெய்யான ஜாதகத்தை அழிப்பது அவருக்கு ஆளையே அழிப்பது மாதிரி.

இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு இரண்டு காரியம் சேர்ந்தாற்போல் வந்தது.

ஐப்பசி மழையோடு அத்தானுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி கொடுத்தார்கள், பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். குறைவதும் திரும்ப ஏறுவதுமாக இருந்தது. மார்கழி பிறந்தும் அவரால் எழுந்து நடமாட முடியவில்லை. அக்காவின் மாமியார், “நல்லா இருந்த பிள்ள” என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தும் பழக்கத்துக்கு வந்திருந்தார்.

அதே சமயத்தில் அண்ணாச்சி புதுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருந்தார். பழையதை வாங்கிக்கொள்ள ஆள் வந்தார். வந்தவர் அத்தானின் தாய்மாமா. ஏரல் கடைத்தெருவில் அவரும் ஒரு ஜாதக நிலையம் திறக்கப் போகிறாராம்.

“பெட்டிய அப்படியே தாரும் வே. உள்ள உள்ளதுல கைவைக்கப்படாது. எங்க ஊர் ஆளுக சாதகம் பாதி உம்மகிட்டதான கெடக்கு? எனக்கு அது ஒரு முதலுல்லா” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, உங்க அத்தான் இப்படிக் கெடக்கானே, எங்க அக்கா அழுது தீக்கா. மருமவ சாதகத்தத் திருப்பி ஒரு தடவ போட்டுப் பாருங்கா. பெட்டி வந்து சேரட்டும், நானே பாக்கேன். உங்க அக்கா பொறந்த நேரம் எல்லாம் சரியாத்தான இருக்கும்?”

“கம்ப்யூட்டர் போட்டது மாமா, அது எப்படித் தப்பா இருக்கும்?” என்றேன்.

அவர் இறங்கிப் போனதும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. பெட்டி ஏரலுக்குப் போகும். அவர் பழசைத் திறப்பார். எண்தானே என்று விட்டுவிட மாட்டார், ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அக்காவின் பிறந்த தேதி அவருக்குத் தெரியும். தேதி ஒன்றாகவும் நேரம் வேறாகவும் ஒரு கட்டம் கண்ணில் பட்டால் போதும். நோயில் கிடக்கிற புருஷனுக்குப் பக்கத்தில் கஞ்சி டம்ளரோடு நிற்கிற அக்காவைப் பார்த்து, நீதான் அவனைத் தின்கிறாய் என்பார்கள். பெட்டி படுக்கையோடு டவுண் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அதைவிட எனக்குப் பெரிய பயம், அக்காவே அதை நம்பிவிடுவாள் என்பது.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அன்றைக்கு மத்தியானம் அப்பாவும் நானும் போனோம். அண்ணாச்சி படிக்கதவைத் திறந்து வைத்திருந்தார்.

“அண்ணாச்சி, அந்த ஒண்ண அழிச்சிருங்க” என்றார் அப்பா, உட்காருவதற்கு முன்பே.

“சார்வாள், என்ன பேச்சு பேசுதீக? பிள்ள உசுரோட இருக்கா. அவ சாதகத்த எங்கையால அழிக்கியதா?”

“அது இருந்தா அவ வாழமாட்டா அண்ணாச்சி.”

அப்பாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அண்ணாச்சிக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டு வந்து, பழசுக்குள் போய் ஒரு எண்ணைத் தேடினார். கண்ணை மூடிக்கொண்டு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். திரையில் அந்த எண் மறைந்தது.

“போயிட்டுல்லா?” என்றார் அப்பா.

“போயிட்டு சார்வாள்” என்றார் அண்ணாச்சி. எழவு வீட்டில் சொல்வது மாதிரி இருந்தது.

“போகலப்பா” என்றேன் நான்.

கோர்ஸில் சொல்லித் தந்திருந்தார்கள். அழி என்றால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அழிக்காது. பைலின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, இந்த இடம் இனிமேல் காலி என்று தனக்குள் குறித்துக்கொள்ளும். எழுதினது எழுதினபடி அங்கேயே கிடக்கும். ஆள் குடியிருக்கும்போதே வாசலில் வாடகைக்கு என்று போர்டு மாட்டுவது போலத்தான். சொன்னால் இரண்டு பேருக்கும் புரியவில்லை. சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டு நானே உட்கார்ந்தேன். அழித்ததை மீட்கிற கட்டளையைக் கொடுத்தேன். காணாமல் போன முதல் எழுத்து என்ன என்று மெஷின் கேட்டது. உண்மையான எழுத்துதான் வேண்டும் என்றுகூட இல்லை. கைக்கு வந்த ஒன்றைத் தட்டினேன், அதுவே போதும் என்று ஏற்றுக்கொண்டது.

திறந்து காட்டினேன். அக்காவின் கட்டம் அப்படியே வந்து நின்றது. பிறந்த நேரம், நட்சத்திரம், எட்டில் செவ்வாய்.

அப்பா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “சவத்த, இது என்ன எழவு மெஷினு” என்றார். அப்பா வாயில் அந்த வார்த்தைகளை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அண்ணாச்சி முகத்திலோ ஒரு வெளிச்சம். கையெடுத்துத் திரையைக் கும்பிட்டே விட்டார். “பாத்தீகளா, அது அவ்வளவு லேசுல போகாது. ஆயுசு கெட்டி.” எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

“ஒடச்சிருவோம்” என்றார் அப்பா.

“சரஸ்வதி பூசைக்குப் பூசைக்குச் சந்தனம், குங்குமம் வச்ச பெட்டி சார்வாள். அதுபோக, ஒடச்ச பெட்டியக் குடுத்தா ஏன் வே ஒடச்சீருன்னு அந்த ஏரல்காரரு கேக்கமாட்டாரா? அதுவே சந்தேகத்துக்குப் போதும்லா.”

அவர் சொன்னதும் நியாயம். நான் ஒரே ஒரு வழிதான் உண்டு என்றேன். காலியாகக் கிடக்கிற இடம் முழுக்க வேறு எதையாவது எழுத வேண்டும். இனி ஒரு எழுத்துக்கும் இடமில்லை என்று மெஷின் சொல்கிற வரை எழுத வேண்டும். மேலே எழுதினால்தான் கீழே உள்ளது போகும்.

“என்னத்த எழுத?” என்றார் அண்ணாச்சி.

“எதையாவது அண்ணாச்சி. வெறும் சைபராக் கூட.”

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே அல்வாக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கொஞ்ச நேரம் கழித்துப் பைய வந்து, “சிவசிவன்னு எழுதலாமா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நோட்டு நோட்டாக நாமம் எழுதிக் கோயிலில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். “அழிக்கியதுதான் பாவம். அதுக்கு மேல நாமத்த எழுதுனா அது அழிக்கிய கணக்குல வராது. ஆத்துல விட்ட கணக்குல வேணா வரும்” என்றார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இடம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்குச் சைபரும் ஒன்றுதான், சிவனும் ஒன்றுதான்.

முதலில் நடப்பில் இருந்ததை எல்லாம் பிளாப்பியில் எடுத்துக்கொண்டோம், புதுக் கம்ப்யூட்டருக்கு வேண்டுமே. பழசில் இருப்பதையும் எடுக்கலாமா என்று அண்ணாச்சி கேட்டபோது அப்பா, “அதுல ஒண்ணையும் வெளிய எடுக்கப்படாது” என்று ஆபீஸ் குரலில் சொன்னார். அண்ணாச்சி கையிலிருந்த பிளாப்பியைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பிரிவையும் அழித்தேன். பிறகு ஒரு பக்கம் முழுக்கச் சிவசிவ என்று அடித்து, அதை இரட்டிப்பாக்கி, அந்த இரட்டிப்பை இரட்டிப்பாக்கி, அந்தப் பெரிய பைலைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கும்படி மெஷினுக்குச் சொல்லிவிட்டேன். டிஸ்க் கறகற என்று அரைக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் வரை அரைத்தது. அண்ணாச்சி உட்காரவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் செவ்வாய்க்கிழமைதோறும் சாப்பிடாமல் இருக்கிறாள், கேட்டால் முருகனுக்கு என்கிறாள் என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருந்தாள். அது ஏனோ அப்போது மனசில் வந்து போனது.

நெல்லையப்பர் கோயில் மணி கேட்கிற நேரத்துக்கு, இடமில்லை என்று மெஷின் சொன்னது. நான் மீட்கிற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். எதை மீட்டுத் திறந்தாலும் சிவசிவ, சிவசிவ என்றுதான் வந்தது.

“இனிமே யாராலயும் எடுக்க முடியாதுல்லா?” என்றார் அப்பா.

“நம்ம ஊர்ல யாராலயும் முடியாதுப்பா.”

அப்பா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாங்குகிறவருக்கு இடம் வேண்டுமே, இந்தச் சிவசிவ பைலை எல்லாம் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். “நாமத்த அழிக்கச் சொல்லுதியா? அது வாங்குதவரு பாடு” என்றார். பெட்டி அப்படியே, நிறைந்த டிஸ்க்கோடு, ஏரலுக்குப் போனது.

நாலு நாள் கழித்து ஏரலிலிருந்து போன் வந்தது. கத்தல் எனக்கே கேட்டது. “என்ன வே இது, பெட்டி பூரா சிவசிவன்னு கெடக்கு? சாதகம் ஒண்ணையும் காணும்!”

“பழைய பெட்டில்லா. எல்லாம் கலைஞ்சு போச்சு. நாமம் மட்டும் நின்னுருக்கு, உமக்குக் குடுத்து வச்சிருக்கு” என்றார் அண்ணாச்சி. போனை வைத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். நானும் பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் அவர் அதைச் சொன்னார்.

“அவரு மருமவன் சாதகமும் அதுக்குள்ளதான் கெடந்துச்சு. தெரிஞ்சா இந்தக் கத்துக் கத்துவாராக்கும்.”

“எந்த மருமவன் அண்ணாச்சி?”

“உங்க அத்தான்தாம்மா.”

அத்தானின் அம்மா கல்யாணப் பேச்சுக்கு ஒரு வருஷம் முன்னால் தனியாக வந்தாராம். மகனுக்கு ஏழில் செவ்வாய். நேரத்தை மாற்றி, ஆறாம் வீட்டுக்குத் தள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறார் அண்ணாச்சி, எங்கள் அக்காவுக்குத் தள்ளி வைத்த அதே கையால். பிறகு இந்த இரண்டு குடும்பமும் ஒன்றோடொன்று பேசுகிறது என்று கேள்விப்பட்டபோது, கடையில் தனியாகப் பழசைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு உண்மை ஜாதகத்துக்கும் பொருத்தம் பார்த்தாராம்.

“தோசத்துக்குத் தோசம் சரியாப் போச்சு. பேஷான பொருத்தம். நீங்க ரெண்டு வீடும் பொய்யச் சொல்லி மெய்யான எடத்துல போய் விழுந்திருக்கீக. அதான் நானும் மனசு கலங்காம இருந்தேன். காமாலை எல்லாம் வரும், போகும். சாதகத்தால ஒண்ணும் இல்ல, பாத்துக்கோ.”

முதலில் அந்த மாமியார் மேல்தான் ஆத்திரம் வந்தது. தன் பிள்ளைக்கு நேரத்தை மாற்றியவருக்கு, மருமகளுக்கும் மாற்றியிருப்பார்கள் என்று சந்தேகம் வந்ததில் என்ன ஆச்சரியம்? அப்புறம் அண்ணாச்சி மேல் வந்தது.

“ஏன் அண்ணாச்சி அன்னைக்கே சொல்லல?”

“ஒருத்தர் சாதகத்த இன்னொருத்தர்ட்ட சொல்லலாமா தாயி? இப்பந்தான் அது இல்லையே.”

“அத்தான் பொறந்த நேரம் ஞாபகம் இருக்கா? திருப்பிப் போட முடியுமா?”

“எத்தன பேரு நேரத்தன்னு ஞாபகம் வைக்க? வருசமே சரியாத் தெரியல.”

“ஏரலுக்கு வந்து அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

அவர் சிரிப்பு போய்விட்டது. “அந்த அம்மா எங்கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா, வெளிய விட்டிராதீகன்னு. உனக்கே சொல்லியிருக்கப்படாது” என்று எழுந்து, புதுக் கம்ப்யூட்டரின் அட்டைப்பெட்டியை மடித்துக் கட்ட ஆரம்பித்தார். பாதி டவுணின் மெய் ஜாதகம் அந்தப் பழசுக்குள் கிடந்திருக்கிறது. அதில் எங்கள் வீட்டுக்கு வேண்டியதும் கிடந்திருக்கிறது. அத்தனைக்கும் மேல் நான்தான் சாமி பெயரை அடித்து நிரப்பினேன். அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ளவில்லை. தெரியாததற்கு யார் என்ன செய்ய முடியும்? ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அழுகை வந்தது.

அந்த வாரமே ஏரலுக்குப் போனேன். அத்தான் பிழைத்துக்கொண்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாசி கடைசியில் எழுந்து நடந்தார், பள்ளிக்கூடம் போனார், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். ஆனால் நான் போன அன்று அது யாருக்கும் தெரியாது. கண்ணெல்லாம் மஞ்சளாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பழைய ஜாதகம் கம்ப்யூட்டரில் கிடைக்கவில்லை என்ற கோபத்தில் மாமியார் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அக்கா பின்வாசலில் உப்பில்லாத கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. சாப்பிட்டாயா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள்.

“எந்தச் சாமிக்கு இப்படிப் பட்டினி கெடக்க? உடம்பப் பாத்தியா?”

விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “நான் பொறந்தப்ப வீட்டுல வெளக்கு ஏத்தியாச்சுன்னு அம்மா எத்தன தடவ சொல்லியிருக்கா? சாதகத்துல வெளக்கு வைக்கதுக்கு முந்தின நேரம்லாட்டி போட்டிருக்கு. படிக்கத் தெரியாதவளா நான்? அன்னைக்கே தெரியும்.”

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தெரிஞ்சேதான் கழுத்த நீட்டுனேன். அம்மா அப்பா மொகத்தப் பாக்க முடியல. உங்க அத்தான் தும்முனாக்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடும். இப்பப் பாரு, எப்படிக் கெடக்காவன்னு. என்னாலதாண்டி.”

யாருக்குத் தெரியக்கூடாது என்று அப்பா ஆபீஸ் குரலில் பேசினாரோ, டிஸ்க்கைச் சாயங்காலம் வரை அரைக்கவிட்டோமோ, அவள் அதைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்வாசல் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி, பழசு, சிவசிவ, ஏழில் செவ்வாய், மாமியார் தனியாக வந்தது, தோஷத்துக்குத் தோஷம் சரியாகிப் போனது. “உங்களுக்குள்ள பேஷான பொருத்தம்க்கா. உன்னால அவுகளுக்கு ஒண்ணும் வராது. அண்ணாச்சியே பாத்திருக்காக.”

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

“அந்தச் சாதகம் எங்க இருக்கு?” என்றாள்.

“அழிச்சாச்சுக்கா.”

“திருப்பி எடுக்க முடியாதா?”

“முடியாது. நான்தான் அழிச்சேன்.”

அக்கா என் கன்னத்தைத் தடவினாள். கஞ்சியை இறக்கி வைத்தாள். உள்ளே அத்தான் இருமும் சத்தம் கேட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தாள்.

“எம் மனசு ஆறட்டும்னு சொல்லுத. எனக்குத் தெரியாதாட்டி? சாதகத்த மாத்துன வீட்டுப் பிள்ளதான நீயும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.